கருப்பசாமி அண்ணாச்சியின் ஒரு மணி நேர ஓய்வு

போன மாதம் பிரவீணா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்று வந்த ஸ்கேன் சென்டரில் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான். புது மெஷின் வந்துவிட்டதாம். நாங்கள் இருபது நிமிஷம் பார்த்த வேலையை அது ஐந்து நிமிஷத்தில் முடித்துவிடுகிறதாம். உடம்பில் சந்தேகமான இடத்தைக் கணினியே கண்டுபிடித்துச் சிவப்பாக வட்டம் போட்டுக் காட்டுகிறதாம்.

"எல்லாம் சரிக்கா, ஒரு சந்தேகம். பழைய படிவத்துல 'ஓய்வு நேரத்தில் நோயாளி என்ன செய்தார்'னு ஒரு கட்டம் இருக்குல்ல. புதுப் படிவத்துல அதைத் தூக்கிரலாம்னு சொல்றாக. நீங்க அதுல என்னதான் எழுதுவீக?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. தூக்கச் சொன்னவர்களை முதலில் தூக்கு என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அப்புறம் ஆறிப்போய் யோசித்தால், அந்தப் பிள்ளை என்ன தப்பு செய்தது? யாரும் சொல்லிக் கொடுக்காமல் அவளுக்கு எப்படித் தெரியும்? அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் படிப்புக் கதை சின்னது. எக்ஸ்ரே படித்தேன், இருட்டறையில் பிலிம் கழுவினேன், சிடி மெஷினுக்கு மாறினேன், கடைசிப் பன்னிரண்டு வருஷம் பெட்-சிடி. ஒரு நாள்கூட நான் நர்ஸாக இருந்ததில்லை. ஆனாலும் ஜில்லாவே என்னை 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிட்டது. முதலில் எல்லாம் திருத்திக்கொண்டே இருந்தேன். பிறகு வாய் வலித்து விட்டுவிட்டேன்.

பெட்-சிடி என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கதிர்வீச்சு உள்ள சர்க்கரையைக் கொஞ்சம் நரம்பில் ஏற்றுவோம். புற்றுநோய்க்குப் பசி அதிகம், மற்ற சதையைவிட நிறையச் சர்க்கரை தின்னும். எங்கே தின்கிறதோ அங்கே படத்தில் வெளிச்சம் தெரியும். வம்பு என்னவென்றால், வேலை செய்கிற எந்தச் சதையும் சர்க்கரை தின்னும். பேசினால் தொண்டை வெளிச்சம், மென்றால் தாடை வெளிச்சம். ஆகவே ஊசி போட்டபின் ஒரு மணி நேரம் பேசாமல், மெல்லாமல், தளர்வாகச் சாய்ந்திருக்க வேண்டும். தலை, கழுத்து நோய்க்காரர்களுக்கு இந்த ஒரு மணி நேரம்தான் பாதி ஸ்கேன்.

மூளை மட்டும் இதற்கெல்லாம் கட்டுப்படாது. சும்மா படுத்திருந்தாலும் சர்க்கரை தின்றுகொண்டே இருக்கும். அதனால் எல்லோர் மூளையும் ஜொலிக்கும். அதற்குள் கட்டி ஒளிந்திருந்தால் கண்டுபிடிப்பது பெரும் பாடு, எம்ஆர்ஐ படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆலங்குளத்திலிருந்து ஒரு வாத்தியாரை அழைத்துவந்த மகன், திரையில் அப்பாவின் மூளை ஜொலிப்பதைப் பார்த்து நெகிழ்ந்துபோனான். "அப்பா மூளை எப்பவுமே இப்படித்தான் சிஸ்டர். பெருசா ஒரு பிரிண்டு போட்டுக் குடுங்க, சொந்தக்காரவுக ஒருத்தனும் நம்ப மாட்டேங்கான்." என் மூளையும் அப்படித்தான் இருக்கும் என்று நான் சொன்னதை அவனும் நம்பவில்லை.

எங்கள் டாக்டர் ரெபேக்கா மேடம். மெஷினுக்காக அறையைக் குளிராக வைத்திருப்போம். ஆகவே விருதுநகர் வெயிலில் ஊரே வெந்துகொண்டிருக்கும்போது மேடம் குரங்குக் குல்லாவும் ஸ்வெட்டரும் போட்டு உட்கார்ந்திருப்பார். குரலை உயர்த்தவே மாட்டார். படத்தைத் திறப்பதற்கு முன் படிவத்தைத் திறப்பார்.

"அந்த ஒரு மணி நேரம் ஆள் என்ன பண்ணிக்கிட்டு இருந்தார், செல்வி?"

"படுத்திருந்தார் மேடம்."

"எப்படிப் படுத்திருந்தார்?"

படுப்பதில் எத்தனை வகை இருக்கிறது? ஆனாலும் வெறுமனே 'ஓய்வு' என்று எழுதினால் படிவம் திரும்பி வந்துவிடும். 'இடது கையால் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார்', 'மூன்று முறை கொட்டாவி', 'மனதுக்குள் கந்தசஷ்டி, உதடு அசைந்தது' என்று எழுத வேண்டும். மேடத்தின் முதுகுக்குப் பின்னால் நாங்கள் சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகும். அதிகமாகச் சிரித்தது நான்தான்.

கருப்பசாமி அண்ணாச்சி வந்தது தீபாவளி சீசனில். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் மருந்துக் கலவை அறைகளுக்கு அவர் போர்மேன். குரல்வளையில் புற்றுநோய். மதுரையில் முப்பத்தைந்து நாள் கதிர்வீச்சு சிகிச்சை முடித்து மூன்று மாதம் ஆகியிருந்தது. நோய் போய்விட்டதா, மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். டியூப் விட்டுப் பார்த்ததில் ஒரே வீக்கம், ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை. ஸ்கேனில் வெளிச்சம் தெரிந்தால் மயக்கம் கொடுத்துச் சதை எடுத்துப் பார்ப்பதென்றும், நோய்தான் என்றால் குரல்வளையையே எடுத்துவிடுவதென்றும் சர்ஜன் சொல்லிவிட்டார்.

கூட வந்தவர் அவர் மனைவி முத்துமாரி. அவர்தான் பேசினார். அண்ணாச்சி பேசவே இல்லை. "தொண்டைக்கு ரெஸ்டு குடுங்கன்னு டாக்டர் ஒரு வார்த்தை சொன்னாக சிஸ்டர். அவசியம்னா பேசலாம்னும் சொன்னாக. இவுக முதல் பாதியை மட்டும் பிடிச்சுக்கிட்டாக. மூணு மாசமாச்சு, என்னை ஏட்டின்னு ஒரு வார்த்தை கூப்பிடலை."

அதற்குப் பதிலாக அண்ணாச்சி எழுதினார். சட்டைப் பையில் ஒரு கத்தை லேபிள் இருந்தது, சிவகாசி அச்சகத்தில் கலர் மாறிக் கழித்துப் போட்ட பட்டாசு லேபிள்கள். முன்பக்கம் மயில், ரோஜாப்பூ, ராக்கெட். பின்பக்க வெள்ளையில் குட்டிப் பென்சிலால் எழுதி நீட்டுவார். என்னிடம் அவர் நீட்டிய முதல் லேபிளில், "ஒரு ரூமுக்கு எத்தனை ஆள்?" என்று இருந்தது. ஒருத்தர்தான் என்றேன். திருப்தியாகத் தலையாட்டினார். செருப்பை வாசலிலேயே விட்டிருந்தார். கதவின் உலோகப் பிடியில் உள்ளங்கையை அழுத்தி வைத்து, கொஞ்சம் பொறுத்துத்தான் உள்ளே வந்தார். அவர்கள் ஆலையில் அறைக்குள் நுழையுமுன் உடம்பில் உள்ள மின்சாரம் இறங்கச் செம்புத் தகட்டைத் தொடுவார்கள் என்று எனக்குத் தெரியும். பழக்க தோஷம் என்று நினைத்துக்கொண்டேன். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

எங்கள் ஊசிக்கான டோஸ் வெகுதூரத்திலிருந்து காரில் வரும். இரண்டு மணி நேரத்துக்குள் அதன் வீரியம் பாதியாகிவிடும். அன்றைக்குப் பட்டாசு லோடு ஏற்றிய லாரிகள் சாலையை அடைத்துக்கொண்டு நின்றதில் கார் தாமதம். ஆகவே அவசரம். டிரைவர் ஈயப் பெட்டியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். நான் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று, இடுக்கியால் பாட்டிலை எடுத்து, கனமான உலோக உறை போட்ட சிரிஞ்சில் ஏற்றிக்கொண்டு வந்தேன். அண்ணாச்சிக்கு ஊசி போட்டேன். போட்ட கையோடு மூன்றே எட்டில் வெளியேறிக் கதவைச் சாத்தினேன். ஒரே நாளில் பத்துப் பேருக்குப் போடுகிறவள் ஒவ்வொருவர் பக்கத்திலும் நின்று குசலம் விசாரித்தால் கதிர்வீச்சு என் உடம்பில் சேர்ந்துவிடும். பிறகு இன்டர்காமில், "அண்ணாச்சி, அசையாதீங்க. ஒரு மணி நேரம் யாரும் கிட்ட வர மாட்டோம்" என்றேன்.

இத்தனையையும் அவர் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதே நேரத்தில் முன்னறையில் ரகளை. ஆனைக்குட்டத்து விவசாயி ராமசுப்பு, கழுத்தில் கட்டியோடு வந்தவர். கட்டி எங்கிருந்து கிளம்பியது என்று தேட வேண்டும். ஆறு மணி நேரம் பட்டினியாக வரச் சொல்லியிருந்தோம். ரத்தத்தில் சர்க்கரை பார்த்தால் எகிறி நின்றது.

"சாப்பிட்டீங்களா?"

"சாப்பிடலையே."

"நிஜமா?"

"பஸ் ஸ்டாண்டுல ரெண்டு புரோட்டா. எண்ணெயில பொரிச்சது, சாப்பாட்டுல சேராது."

"வேற என்னய்யா அது?"

"பலகாரம்."

அரை மணி நேரம் அவரோடு மல்லுக்கட்டி, அடுத்த வாரம் வரச் சொல்லி அனுப்பினேன். இடையிடையே கேமராத் திரையை எட்டிப் பார்த்தேன். அண்ணாச்சி நாற்காலியில் சிலையாக இருந்தார். கை அசையவில்லை, கால் அசையவில்லை. மனம் குளிர்ந்துபோனது. படிவத்தில் கொட்டை எழுத்தில் எழுதினேன்: 'ஓய்வு மிக நன்று. அசைவே இல்லை.' கீழே கையெழுத்தும் போட்டேன்.

ஸ்கேன் முடிந்து படம் வந்தது. குரல்வளை இருக்கும் இடத்தில் பளீரென்று வெளிச்சம்.

மேடம் குல்லாவைக் கழற்றி மேசையில் வைத்தார். அவர் குல்லாவைக் கழற்றி நான் அன்றுதான் பார்த்தேன். வெகு நேரம் படத்தை மேலும் கீழும் உருட்டினார். பிறகு கழுத்தின் இரண்டு பக்கமும் காட்டினார். தோளுக்கு இறங்குகிற சதை, விலா எலும்புகளுக்கு இடையில் உள்ள சதை, எல்லாமே லேசாக வெளிச்சமாக இருந்தன.

"மூட்டை தூக்கிட்டு வந்தவர் கழுத்து மாதிரி இருக்கு. என்ன பண்ணிக்கிட்டு இருந்தார்?"

"சிலை மேடம். இப்படி ஒரு பேஷண்டை நான் பார்த்ததே இல்லை."

"சிலைக்கு எதுக்குச் சதை வேலை செய்யுது?"

மேடம் படிவத்தை என் பக்கம் தள்ளினார். "இதுல நீங்க எழுதியிருக்கிறது உண்மைன்னா, நடுவுல இருக்கிற வெளிச்சம் நோய்தான். வேற எதுவும் சொல்ல எனக்கு வழியில்லை. சர்ஜன் கத்தியை எடுத்துடுவார். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, நீங்க ஆளைப் பார்த்தீங்களா?"

இடையிடையே எட்டிப் பார்த்தேன் என்றேன். கேமராப் பதிவைப் போடச் சொன்னார். வேகமாக ஓட்டிப் பார்த்தோம். முதல் பத்து நிமிஷம் ஒன்றுமில்லை. அப்புறம் அண்ணாச்சியின் தோள் ஒரு தடவை தூக்கிப் போட்டது. துண்டை வாயில் வைத்து அழுத்தினார். கழுத்து நரம்பு புடைத்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை. கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. நான் எட்டிப் பார்த்த நேரமெல்லாம் அவர் அடக்கி முடித்திருந்த நேரம். கடைசி இருபது நிமிஷம் முகமே வேறு யாரோ போல் இருந்தது.

அவரைத் தேடி வெளியே ஓடினேன்.

அண்ணாச்சி வளாகத்தின் கோடியில், வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் எங்கள் தீயணைப்பு மணல் வாளிகள் மூன்று. அவர் கண்காட்டி வாட்ச்மேன் கொண்டுவந்து வைத்தவை. முத்துமாரியைக் கேட்டுக்கு வெளியே அனுப்பியிருந்தார். பீடி குடித்த ஆட்டோக்காரர்கள் இரண்டு பேரும் துரத்தப்பட்டிருந்தார்கள். நான் போனதும் கையைக் காட்டி, அங்கேயே நில் என்றார். நின்றேன். எதற்கு நின்றேன் என்று எனக்கே தெரியவில்லை, அவர் கை காட்டினால் நிற்கத்தான் தோன்றும்.

"அண்ணாச்சி, உள்ள என்ன பண்ணுனீக? எதை அடக்குனீக?"

லேபிளில் எழுதி, ஒரு கல்லைச் சுற்றி எறிந்தார். பொறுக்கிப் படித்தேன். முன்பக்கம் பச்சை மயில். பின்பக்கம்:

"கதிர் வச்சதுலருந்து தொண்டை காயுது. இருமல் வந்துச்சு. சரக்கு ஏத்திருக்கீக, இருமினா அதிரும். எங்க கலவை ரூம்புல இருமல்காரனை விட மாட்டோம். நான் ஒருத்தன் போனாப் போறேன். பக்கத்து ரூம்புல நீங்க இருக்கீக, ஒரு பிள்ளைத்தாச்சிப் பொண்ணு இருக்கு."

ஈயப் பெட்டி, இடுக்கி, தடுப்புக் கண்ணாடி, ஊசியைப் போட்டுவிட்டு ஓடுகிற நான். நாற்பது வருஷம் வெடிமருந்துக்குள் வாழ்ந்த மனிதர் இதையெல்லாம் பார்த்து வேறு என்ன முடிவுக்கு வருவார்? தன்னையே ஒரு வெடியாக நினைத்து, எங்களைக் காப்பாற்ற ஒரு மணி நேரம் இருமலை அடக்கியிருக்கிறார். அந்தப் பிள்ளைத்தாச்சி முன்னறையில் ரசீது போடுகிற பெண். அங்கேயே நின்று அழுதுவிட்டேன். சிரிப்பும் வந்தது. அதற்காக இன்னும் அழுதேன்.

உள்ளே போய்ப் படிவத்தில் என் எழுத்தை அடித்துவிட்டு எழுதினேன்: 'நோயாளி பத்தாவது நிமிஷத்திலிருந்து இருமலை அடக்கினார். நான் கவனிக்கவில்லை.' இரண்டாவது வாக்கியம் தேவையா என்று மேடம் கேட்டார். தேவைதான் என்றேன்.

மறுபடி ஒரு ஸ்கேன் எடுக்கும்வரை பொறுக்கச் சொன்னதற்குச் சர்ஜன் போனில் கத்தினார். வியாழக்கிழமைக்கு ஆபரேஷன் தியேட்டர் குறித்தாயிற்றாம், இருமலுக்கெல்லாம் தள்ளிப்போட முடியாதாம். "வியாழக்கிழமை எனக்கு டோஸ் வருது. வெள்ளிக்கிழமை உங்க தியேட்டர். கதிர் பட்ட தொண்டையில கத்தி வச்சா ஆற எவ்வளவு நாளாகும்னு என்னைவிட உங்களுக்குத் தெரியும்" என்றார் மேடம், எப்போதும் பேசுகிற அதே குரலில். அந்தப் பக்கம் சத்தம் அடங்கியது.

வியாழக்கிழமை அண்ணாச்சியை நம்பவைப்பதுதான் பெரிய வேலையாக இருந்தது. இது வெடிக்காது, வெறும் சர்க்கரை, மேலே கொஞ்சம் கதிர்வீச்சு, அவ்வளவுதான் என்று நானும் மேடமும் மாறிமாறிச் சொன்னோம். அவர் ஒரு லேபிளை நீட்டினார். "அப்ப ஏன் ஓடுனீக?"

நியாயமான கேள்வி. மேடம் யோசித்தார். அன்றைக்கு ராமசுப்புவும் வந்திருந்தார், நிஜமாகவே பட்டினியாக. அவருக்கு ஊசியும் ஸ்கேனும் முடிந்திருந்தன. "அவரைக் கூட்டிட்டு வாங்க. உடம்புல இன்னும் மருந்து நிறைய மிச்சம் இருக்கு" என்றார் மேடம்.

ராமசுப்பு வளாகத்துக்கு நடுவில் நின்றார். அண்ணாச்சி மரத்துக்குப் பின்னால் நின்றார்.

"இருமிக் காட்டுங்க" என்றார் மேடம்.

ராமசுப்பு இருமினார். ஒன்றும் ஆகவில்லை.

"குதிங்க."

"புரோட்டா உண்டா?"

"உண்டு. குதிங்க."

குதித்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மறுபடி குதித்தார். கையைத் தட்டினார், சுவரில் முதுகைத் தேய்த்தார், யாரும் கேட்காமலே இரண்டு தும்மல் போட்டார். குல்லா போட்ட ஒரு டாக்டர் ஒரு விவசாயியை வெயிலில் குதிக்கவிட்டு வேடிக்கை பார்ப்பதை ஆட்டோ ஸ்டாண்டே வந்து பார்த்தது. அண்ணாச்சி மரத்தை விட்டு வெளியே வந்து, ராமசுப்புவை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு எழுதினார். "சரி. ஆனா பிள்ளைத்தாச்சியை வீட்டுக்கு அனுப்புங்க." அனுப்பினோம்.

முதலில் நெஞ்சு காலியாகும்வரை இருமச் சொன்னோம். இருமல் அடங்க ஒரு மாத்திரை, சதை தளர ஒரு மாத்திரை. தொண்டை காயாமல் நனைத்துக்கொள்ளக் குவளையில் தண்ணீர். ஊசி போட்டதும் இந்த முறை நான் ஓடவில்லை. நடந்து வந்தேன், கொஞ்சம் மெதுவாகவே. பிறகு திரைக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். முன்னறையில் யார் கத்தினாலும் போகவில்லை. எட்டாவது நிமிஷம் தண்ணீர் குடித்தார். இருபதாவது நிமிஷம் தூங்கிப்போனார். வாய் லேசாகத் திறந்திருந்தது. கழுத்து தளர்ந்து, தலை வலது பக்கம் சாய்ந்தது. அத்தனையையும் எழுதினேன், இடம் போதாமல் பின்பக்கமும் எழுதினேன்.

படம் வந்தது. மூளை மட்டும் ஜொலித்தது. கழுத்து இருட்டு. குரல்வளை இருக்கும் இடத்தில் வெளிச்சம் துளிகூட இல்லை. மேடம் மூன்று முறை மேலும் கீழும் உருட்டிப் பார்த்துவிட்டு, "போய்ச் சொல்லுங்க" என்றார்.

"நீங்க சொல்லுங்க மேடம். நான் தப்பு பண்ணினவ."

"அதான் உங்களைச் சொல்லச் சொல்றேன்."

அண்ணாச்சி பழையபடி மரத்தடியில்தான் இருந்தார். வெடிக்காது என்று ஒத்துக்கொண்டிருந்தாலும் முத்துமாரியைக் கேட்டுக்கு வெளியேதான் நிறுத்தியிருந்தார். கிட்டே போய்ச் சொன்னேன். "அண்ணாச்சி, நோய் எங்கயும் தெரியலை. குரல்வளைக்கு ஒண்ணும் பண்ண வேண்டாம். மூணு மாசம் கழிச்சு டியூப் விட்டுப் பார்ப்பாக, அவ்வளவுதான்."

அவர் லேபிளை எடுத்தார். பென்சிலை எடுத்தார். எழுதவில்லை.

"போன வாரம் நீங்க ஒரு தடவை இருமியிருந்தாக்கூட எனக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றேன். "என்னை மன்னிச்சிருங்க."

கேட்டிலிருந்து முத்துமாரி கத்தினார். "என்னவாம்?"

அண்ணாச்சி எழுந்து நின்றார். தொண்டையைச் செருமினார். கரகரவென்று, உடைந்து, ஆனால் வளாகம் முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு குரல் வந்தது. நாற்பது பேரை வேலை வாங்கிய குரல். நான் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

"ஒண்ணுமில்லையாம் ஏட்டி. தொண்டை தப்பிச்சிருச்சு."

முத்துமாரி கையைக் காதில் வைத்து, "கேக்கலை" என்றார்.

"தொண்டை தப்பிச்சிருச்சுங்கேன்."

"கேக்கலை."

குரலுக்கு ஓய்வு வேண்டும், இப்படிக் கத்தக் கூடாது என்று நான் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. முத்துமாரி பக்கத்தில் நின்ற வாட்ச்மேன் அப்புறம் என்னிடம் சொன்னார், முதல் தடவையே ரோடு வரைக்கும் தெளிவாகக் கேட்டதாம். அந்த அம்மா அழுதுகொண்டே நான்கு தடவை சொல்ல வைத்தார்.